பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்த சாவி

தம்பி,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்று உன் அம்மா கேட்டாள்; இருந்தேன். படிக்கிற பிள்ளையின் மனதைக் குழப்ப வேண்டாம் என்று உன் மாமன் சொன்னான். அவன் சொன்னதற்காக இல்லாவிட்டாலும் இருந்தேன். பிறகு நீ வேலை எடுத்துக்கொண்டு நகரத்தின் மற்றப் பக்கம், மிச்சம் என்கிற இடத்துக்குப் போனாய். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியில் இந்த வீட்டுக்கு வந்து, சோற்றைச் சாப்பிட்டு, ரீ.வி.யைப் பார்த்து, கதவடியில் நின்று "போட்டு வாறன் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிற ஒருவனிடம் பேச எனக்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. போன கிழமை நீ அனுப்பிய உறை வந்தது. உள்ளே துவக்குக் கடைக்காரரின் ஒரு கடதாசி. நான் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோலச் சின்னதாக ஒரு புள்ளடி போட்டிருந்தாய், கண் தெரியாத கிழவனுக்குப் போட்டுக் கொடுப்பதுபோல. எனக்கு இன்னும் ஐம்பத்தைந்து ஆகவில்லை. என் பெயரை எங்கே எழுதுவது என்று புள்ளடி இல்லாமலே எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை உன் மாமனுக்கு வாசித்துக் காட்டினாலும், உன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. அதனால் ஒன்றும் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். ஏழு வருடங்களுக்கு முன்பு பொலிஸ் இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பிறகு கடைக்காரரிடம் ஒப்படைத்த என் றைபிள் அந்தக் கடையின் பின்னறையில் பூட்டிக் கிடக்கிறது. அதை வைத்திருக்க எனக்கு அனுமதி இல்லை. விற்க மனம் வரவில்லை. இப்போது கடைக்காரர் கடையை மூடுகிறார். மாத முடிவுக்குள், அனுமதிப்பத்திரம் உள்ள யாராவது ஒருவருக்கு அதை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டித் துண்டாக்க அனுப்பிவிடுவார். என்னிடமிருந்து பறித்த அதே பொலிஸ் உனக்கு அனுமதிப்பத்திரம் தந்திருக்கிறது. நான் கையெழுத்து வைத்தால் றைபிள் உன்னிடம் வரும். வைக்காவிட்டால் அது பழைய இரும்பு. கடதாசி இப்போது என் வலது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கையெழுத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம். துவக்கு வேண்டும் என்று கேட்கிறவனுக்கு முதலில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். சுடும் கழகத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெடியன்களுக்கே அவற்றைப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் ஏறும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தெரிவு செய்வதிலிருந்து தொடங்குகிறேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் கவுன்சிலில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். ஊரில் பொறியியல் படித்து, போதாதென்று இங்கே வந்து இன்னொரு பட்டமும் படித்து, என்னிடம் வேலை பழகியவர்கள் ஒவ்வொருவராக எனக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். பக்கத்து மேசையில் ஹெரல்ட் என்று ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் ஒரு சனிக்கிழமை என்னைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரெயில் பாதைக்குப் பின்னால், செங்கல்லால் கட்டிய நீளமான கொட்டகை. ஒரு பக்கம் நாங்கள் படுத்துக்கொள்ளுகிற பாய்கள், மறுபக்கம் மணல்மேடு, அதற்கு முன்னால் வட்டம் போட்ட கடதாசி. அந்தக் கடதாசிக்கு என் பெயரை உச்சரிக்கத் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் எங்கே படித்தேன் என்று அது கேட்கவில்லை. நடுவில் பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை. இந்த நாட்டில் எனக்கு நியாயம் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

அந்த நாளில் பெரிய ரவைக்குண்டு போடுகிற அரைத் தானியங்கி றைபிள்களை வைத்திருக்க இங்கே அனுமதி இருந்தது. விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு வெடி. வெடித்த ரவையின் வெறும் கோதைத் தானே வெளியே தள்ளிவிட்டு அடுத்த ரவையைத் தானே ஏற்றி வைத்துக்கொள்ளும். கழகத்தில் பாதிப்பேர் இராணுவத்தில் பாவிக்கிற மாதிரியான சாமான்களைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் அதே வகையில் மிகச் சின்ன ரவை போடுகிற, பொயின்ற் ரூ ரூ (.22) என்கிற விளையாட்டு றைபிளைத் தெரிவு செய்தேன். உன் மாமன் சிவா அப்போது ஊரிலிருந்து அகதியாக வந்து எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தான். அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "என்ன அத்தான், இது முயலுக்குக் காய்ச்சல் வரப்பண்ணுற சாமானெல்லே?" உன் அம்மாவும் சிரித்தாள். நீயும் சிரித்தாய், முயல் என்ற சொல் மட்டும் விளங்கி. இரண்டு வருடம் போகவில்லை. ஒரு சின்னப் பட்டினத்தில் ஒருவன் தெருவில் கண்டவர்களையெல்லாம் சுட்டுக் கொன்றான்; சட்டம் மாறியது; பெரிய றைபிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். என்னுடையது என்னிடம் இருந்தது. கண்ணுக்குப் பிடித்ததை எடுக்காதே, கை ஆடாமல் பிடிக்கக்கூடியதை எடு. நீ இதைக் கேட்கமாட்டாய் என்று தெரியும். நீ படிப்பையும் வேலையையும் தெரிவு செய்ததே உன் மாமனின் வரவேற்பறையில் நல்லாக இருக்கும் என்பதற்காகத்தானே.

அடுத்தது, கட்டுவது. கடையில் வாங்குகிற றைபிள் யாருக்கோ செய்தது. தோளில் வைக்கிற மரப்பகுதி, ஊரில் பிடங்கு என்று சொல்வோமே, அது ஆறடி உயர வெள்ளைக்காரனின் கைக்கு அளவெடுத்தது. என் கை கட்டை. முழங்கையை மடித்து, பிடங்கின் அடியை மடிப்புக்குள் வைத்தால் சுட்டுவிரல் விசையில் சும்மா போய்க் கிடக்க வேண்டும். எனக்கு விரல் எட்டுவதற்குள் கழுத்து இழுபட்டது. ஒரு வருடம் அப்படிச் சுட்டுக் கழுத்து நோவோடு திரிந்துவிட்டு, வால்நட் மரக்கட்டை ஒன்று வாங்கி வந்து நானே செய்தேன். குளிர்காலம் முழுக்கப் பின்பக்கக் கொட்டிலில் நின்று செதுக்கினேன். இரும்பு உட்காருகிற பள்ளத்தில் விளக்குக் கரியைப் பூசி, பொருத்திப் பார்த்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடியும் பொருத்திப் பார்த்து. மரமும் இரும்பும் எல்லா இடத்திலும் ஒரேயளவாகத் தொட வேண்டும். ஒரு மூலையில் இடறினால்கூட வெடிக்கு வெடி குறி மாறும். கடைசியாக ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினேன். உன் அம்மா அந்த மணத்துக்குச் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, கறிமணத்துக்கு மூடி வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்களோ என்று. நான் இந்த நாட்டில் வரைந்த, சரிபார்த்த எந்தக் கட்டடத்திலும் என் பெயர் இல்லை. இந்த மரத்துண்டில் பெயர் இல்லாவிட்டாலும் அது நான்தான்.

இனிக் கையாளுவது. இதில் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியது அதிகம் இல்லை என்று நீ நினைப்பாய். எனக்கோ ஒன்றும் மறக்கவில்லை. உனக்குப் பதினான்கு வயதாகி, சட்டப்படி உன்னைக் கூட்டிப்போகலாம் என்றானதும் கூட்டிப்போனேன். உன் கைகள் தேத்தண்ணீரில் ஊறின பாண்துண்டு மாதிரி இருந்தன. இருந்தாலும் படுத்துச் சுடும்போது மூச்சை நன்றாக அடக்கினாய், அதை மறுக்கமாட்டேன். ஒரு நாள் கடைசி வெடி நன்றாகப் பட்டுவிட்டது. ரவைகள் அடுக்கிய மகசினைக் கழற்றிவிட்டு, றைபிளைக் கையில் பிடித்தபடியே எழும்பி என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ, ஒன்பது!"

குழல் ஹெரல்டின் வயிற்றைத் தாண்டி, இரண்டு பேரைத் தாண்டி, என் நெஞ்சில் வந்து நின்றது. நான் "ஸ்ரொப்" என்று கத்தினேன். கொட்டகையில் எல்லோரும் துவக்கைக் கீழே வைத்தார்கள்.

"நான் மகசினைக் கழட்டிட்டன் அப்பா."

"மணல் பக்கம் திருப்பு. இப்ப போல்டை இழு."

இழுத்தாய். உள்ளே ஏறியிருந்த ரவை துள்ளி விழுந்து சீமெந்தில் உருண்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அரைத் தானியங்கியின் குணம் அதுதான், அதைத்தான் உனக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். சுட்டு முடித்த கணத்தில் அது அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடும். மகசினைக் கழற்றினால் வெறுமை என்று நினைக்கிறவன் முட்டாள். கடைசி ஒன்று உள்ளே போய் இருந்துவிடும்.

"போய்ப் பின்னாலை இரு. இந்த வருஷம் முடியுமட்டும் நீ துவக்கைத் தொடக் கூடாது. தும்புத்தடியை எடு, கோதுகளைக் கூட்டு."

ஹெரல்ட் என் தோளில் கையை வைத்து, பெடியன் பாடம் படித்துவிட்டான், விடு என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னைக் கூட்டிப்போய், மற்றவர்கள் சுட, உன்னைக் கூட்ட வைத்தேன். உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் வருந்தவில்லை. இன்றைக்கு உனக்கு உயிரோடு ஒரு தகப்பன் இருந்து உன்னைத் திட்டுகிறான் என்றால், அந்தத் தும்புத்தடியும் ஒரு காரணம்.

அந்த நாட்களில் ஒரு விதியை உனக்குப் பாடமாக்கினேன். ஆபத்தைக் கண்டவர் யாராக இருந்தாலும், நேற்று வந்து சேர்ந்த பிள்ளையாக இருந்தாலும், "ஸ்ரொப்" என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் விசையிலிருந்து விரலை எடுத்து, துவக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். ஏன், எதற்கு என்று பிறகுதான் கேட்கலாம். பிழையாகக் கத்தியிருந்தாலும் கத்தியவனை ஒரு சொல் பேசக் கூடாது. ஆனால் கத்த வேண்டும், தம்பி. காதை மூடிக்கொண்டு படுத்திருக்கிறவனுக்கும் கேட்கும்படி, தன் சொந்தக் குரலில் கத்த வேண்டும். அந்த இரண்டாவது பாதியை நீ பாடமாக்கவில்லை.

இப்போது சாவிக்கு வருகிறேன். சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் றைபிள் இருக்க வேண்டும். சாவி எங்கே என்பது அனுமதிப்பத்திரக்காரனைத் தவிர வீட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. இது சட்டம். எங்கள் வீடுகளில் வேறொரு சட்டம். தொலையக் கூடாத சாமான் எல்லாம் சாமித்தட்டுக்குப் போகும். தாலிக்கொடி, பாஸ்போட், வீட்டு உறுதிப்பத்திரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் பிள்ளையார் காவல். நானும் யோசிக்காமல் சாவியை அங்கேதான் வைத்தேன், பிள்ளையார் படத்துக்குப் பின்னால். வைத்தது நான்தான், அதை உன் தலையில் போடமாட்டேன். உன் அம்மா ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது அதைத் தள்ளிவைத்துவிட்டுப் படத்துக்குச் சந்தனம் வைப்பாள். சாவியிலும் எப்போதும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமைப் பின்னேரத்தை நீ மறந்திருக்கமாட்டாய். சிவா அப்போது தனியாகப் போய்க் கடை போட்டுவிட்டான். இரண்டு இளந்தாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயர் சொல்லவில்லை, இருக்கச் சொன்னால்தான் இருந்தார்கள், எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை" என்றார்கள்.

"அத்தான், இவை நல்ல பெடியள். உங்கட கிளப்புக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட ஏலாதோ?"

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அது விளையாட்டு. நீ கேக்கிறது விளையாட்டில்லை."

அவன் அந்தப் பெடியன்களைப் பார்த்துச் சிரித்தான். "ஊரிலை சனம் செத்துக்கொண்டிருக்குது. எங்கட அத்தான் இஞ்சை கடதாசியைச் சுட்டுக் கப் எடுக்கிறார். பாவம் அந்தக் கடதாசி, அது என்ன குற்றம் செய்ததோ தெரியேல்லை."

உன் அம்மா குசினியிலிருந்து, "சிவா, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடா" என்றாள். ஆனால் அவளுடைய குரலிலும் சிரிப்பு இருந்தது. என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு, நாலு வருடம் என் சோற்றைத் தின்றவன். நான் எழும்பினேன்.

"சாவியை எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் காணும். எடுத்துக்கொண்டு வரட்டோ? நான் கடதாசியை மட்டும்தான் சுடுவனோ எண்டு பாத்திட்டுப் போ."

அந்தப் பெடியன்கள் முதலில் எழும்பினார்கள். சிவா சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். நீ படியில் புத்தகத்தோடு இருந்தாய். உன்னை நான் கண்டேன்.

அடுத்த கிழமை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறதற்காகப் பொலிஸ் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார். நான் தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். அவர் உன்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பது கேட்டது, பிறகு, அப்பா சாவியை எங்கே வைப்பார் என்று உனக்குத் தெரியுமா என்று, காலநிலையைப் பற்றிக் கேட்பதுபோல. நான் தட்டோடு வாசலுக்கு வர, நீ சாமித்தட்டுக்கு முன்னால் நின்றாய். படத்துக்குப் பின்னால் கையை விட்டாய். சாவியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், எனக்கு முன்னாலேயே நடந்து போய் அலுமாரியைத் திறந்தாய். திறந்துவிட்டு ஒரு பக்கமாக விலகி நின்றாய், குளிர்ப்பெட்டி விற்கிறவன் கதவைத் திறந்து காட்டுவதுபோல. அதிகாரி உன்னிடமிருந்து சாவியை வாங்கினார். விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார். கைலேஞ்சியால் துடைத்தார். பிறகு உட்கார்ந்து நான் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்தார். சீனி கொஞ்சம் கூடிவிட்டது என்றும் சொன்னார். போகும்போது றைபிளையும் கொண்டுபோனார்; சாவி இருந்த இடம் பிள்ளைக்குத் தெரிந்திருந்ததால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்தாய், ஆனால் பார்த்ததாக ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. பொலிஸ் கார் எங்கள் வாசலில் நின்றதைத் தெருவே கண்டது. கோயிலில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்: "இவர்தானாம் ஆள். வீட்டுக்குள்ளை சாமான் பதுக்கி வைச்சவராம்." கவுன்சிலிலும் கதை போய்ச் சேர்ந்தது, அதற்குப் பிறகு எனக்கு மேலே போனவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் விலகியும் போனார்கள். ஹெரல்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. இனி அவர் கூப்பிடமாட்டார். அவர் இறந்துபோனதை நீதான் போன வருடம் எனக்குச் சொன்னாய், சோற்றுக்கும் பருப்புக்கும் நடுவில். செத்தவீட்டுக்குக் கழகத்தில் எல்லோரும் போனோம் என்றாய். "போனோம்." என் கழகத்தில், என் பாயில், நான் மூன்று குளிர்காலம் மணல் நிரப்பிய மேட்டுக்கு முன்னால் நீ படுத்துச் சுடுகிறாய் என்பதை நான் அந்த ஒரு சொல்லில்தான் அறிந்தேன்.

அதனால்தான் நேற்றுப் பின்னேரம் நீ கூப்பிட்டபோது உன்னைக் கேட்டேன்.

"அப்பா, பேப்பர் வந்ததோ?"

"வந்தது."

"சைன் பண்ணிட்டீங்களோ?"

"அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரன் கேக்கேக்கை, நீ தெரியாமல் காட்டினியோ, தெரிஞ்சு காட்டினியோ?"

உன் வீட்டில் ரீ.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"தெரிஞ்சுதான் அப்பா."

"ஏன்?"

"நீங்கள் மாமாவுக்குச் சொன்னதைக் கேட்டனான். உங்கட முகத்தையும் பாத்தனான். எனக்குப் பயமா இருந்தது. நீங்கள்தானே சொன்னனீங்கள், ஆர் கண்டாலும் ஸ்ரொப் சொல்லலாம் எண்டு."

"அப்ப இப்ப ஏன் உனக்கு அது?"

"அதை வெட்டப் போறாங்கள் அப்பா. நீங்கள் கையாலை செய்தது. எனக்கு அது வேணும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

சட்டப்படி பார்த்தால் நீ செய்தது சரி. அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். சாவியை எடுக்க ஒரு நிமிடம் காணும் என்று நான் சொன்னது உண்மை. எடுத்திருப்பேனா என்று கேட்டால், இல்லை என்பேன். மகசினைக் கழற்றிவிட்டேன் என்று நீயும்தான் சொன்னாய். ஆகவே அதைப் பற்றி உன்னோடு வாதாட வரவில்லை.

என்னுடைய கணக்கு வேறு. நீ கத்தவில்லை. அன்று படியில் இருந்து ஒரு தரம் "அப்பா, ஸ்ரொப்" என்று கத்தியிருக்கலாம். சிவாவுக்கும் அந்தப் பெடியன்களுக்கும் முன்னால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும். உன்னை அடித்திருக்கவும் கூடும். ஆனால் விதி விதிதான், நான் நின்றிருப்பேன். துவக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்திருப்பேன். நீயோ ஒரு கிழமை முழுக்க என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு, ஒரு வெள்ளைக்காரனுக்கு வழிகாட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாய். பிறகு ஏழு வருடம், அவர் கேட்டார் நான் சொன்னேன் என்று அம்மாவுக்கும் மாமனுக்கும் நல்ல பிள்ளையாக இருந்தாய். பயந்தவனை நான் மன்னிப்பேன். பயத்தைக் கெட்டித்தனமாக மாற்றி, அதற்கு மேல் நல்ல பெயரும் எடுத்தவனை என்னால் மன்னிக்க ஏலாது. அது உன் அம்மாவின் குடும்பத்துக் குணம். சத்தம் போடாமல் எடுப்பார்கள், எடுத்த இடத்தில் சந்தனம் வைப்பார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்துக்குப் பிறகு சொல்ல வாய்ப்பு வராது. அந்த வால்நட் மரத்தை வாங்கியபோது ஒரே பலகையிலிருந்து இரண்டு துண்டு வாங்கினேன். இரண்டாவது உனக்கு. நீ தும்புத்தடியோடு நின்ற அந்த வருடம்தான் அதைச் செதுக்கத் தொடங்கினேன். நீ சோபாவில் நித்திரையாகக் கிடந்தபோது முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நூலால் அளந்தேன். உன் கை என் கையைவிட நீளம், அப்போதே. பதினாறாவது பிறந்தநாளுக்குக் கொடுப்பதாக இருந்தேன். எண்ணெய் மட்டும்தான் பாக்கி. அதிகாரி உன் பிறந்தநாளுக்கு முந்திவிட்டார். அது இன்னும் இருக்கிறது. போன மாதம் வந்தபோது நீயே பார்த்தாய், தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதே, அதுதான். "நல்ல மரமெல்லே அப்பா, ஏன் வெளியிலை விட்டனீங்கள்?" என்று கேட்டாய். மழையில் வெடித்துவிட்டது. வெடிக்காவிட்டாலும் பிரயோசனமில்லை. அதற்கென்று அளந்த கை இப்போது உன்னிடம் இல்லை.

இரும்பு அலுமாரியில் உன் அம்மா தன் கூறைச்சேலையை வைத்திருக்கிறாள், பூச்சி அரிக்காது என்று. சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதையும் சந்தனம் விடவில்லை.

ஆகவே, கடதாசி. நான் ஒரு தரம் பேனையை எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. நீ அந்தப் பிடங்கைத் தோளில் வைத்தால் உன் கன்னம் என் கன்னம் தேய்த்த இடத்தில் வந்து படியும். உன் கைக்கு அது கட்டை. கழுத்தை வளைத்துத்தான் பிடிப்பாய். ஆறு மாதம் பொறுப்பாய், பிறகு உனக்கு ஏற்றபடி அடியில் ஒரு துண்டு மரத்தை ஒட்டுவாய். ஒட்டின இடத்தைப் பார்த்து ஆட்கள் கேட்டால், அப்பா செய்தது, நான் கொஞ்சம் திருத்தினேன் என்பாய். அந்த வசனம் என் காதில் விழுந்தது. பேனையை மூடி வைத்தேன். வெட்டட்டும். குழலை மூன்றாக வெட்டுவார்கள். மரத்தை என்ன செய்வார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன்; குப்பைக்குப் போகும் என்றார். போகட்டும். என் கைக்கு அளந்த சாமான், என் கை இல்லாமல் அது என்ன செய்யப்போகிறது.

உன் புள்ளடியை அழிறப்பரால் அழித்துவிட்டு, கடதாசியை இந்தக் கடிதத்தோடு மடித்து வைக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் அம்மா விளக்கேற்ற வருவாள். அதற்கு முன்பு மூலையில் உள்ள தபால்பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். கடதாசியில் என் பெயர் இருக்காது. இந்தக் கடிதத்தின் அடியிலும் இருக்காது. அப்பா என்றுகூட எழுதப்போவதில்லை. யார் எழுதினார் என்று உனக்குத் தெரியும். அன்று கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றபோது, "ஸ்ரொப்" என்று கத்தியது யார் என்று ஒரு சத்தமும் இல்லாமலே எனக்குத் தெரிந்ததுபோல.